50 காலிபர் மருந்துத் துவக்கு: உருண்டைக் குண்டு சிதறுது, எங்க பிழை?

வெலிமடை_மேடு:

வணக்கம் அண்ணன்மாரே. அனுமதிப்பத்திரம் உள்ள ரைபிள், குழல்வாய் வழியா மருந்து (கருமருந்து) போட்டு, பின்னால நிப்பிள்ங்கிற சின்னக் குழாய் மேல கேப் (பொறி தர்ற மூடி) வச்சுச் சுடுறது. குழல் 28 அங்குலம், 50 காலிபர் (உள்விட்டம் 0.50 அங்குலம்), உள்வரி (குழலுக்குள்ள வெட்டின சுழல் பள்ளம்) முறுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு 490 (0.490 அங்குலம்), வீட்டில வார்த்தது. பட்ச் (குண்டைச் சுத்தி வைக்கிற துணித்துண்டு) பழைய வேட்டித் துணி, தேங்காய் எண்ணெய் தடவி. மருந்து 80 கிரேன் (நிறை அளவு), 2எஃப் (மணிப் பருமன்), கடை மருந்துதான்.

50 மீற்றர்ல அஞ்சு வெடி எட்டு, ஒம்பது அங்குலத்துக்குப் பரவுது. முதல் ரெண்டும் கிட்டக்கிட்ட விழும். மூணாவதுல இருந்து ஒண்ணு மேல, ஒண்ணு வலது. நாலாவது குண்டை இறக்க இடிகோல்ல தொங்க வேண்டியிருக்கு. காலையில மூடுபனி நேரம் ஒரு மாதிரி, வெயில் ஏறினா இன்னொரு மாதிரி. மருந்தைக் கூட்டுறதா, குறைக்கிறதா? 90 போட்டா குண்டு நேராப் போகும்னு இங்க ஒருத்தர் சொல்றார். உயரத்துல காத்து லேசு, அதனாலதான்னு இன்னொருத்தர். குழப்பமா இருக்கு.

ஹப்புத்தளை_காற்று:

தம்பி, மருந்தை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு: முதல் ரெண்டும் சேர்ந்து விழுது, பிறகு இறுகுது, பிறகு சிதறுது. இது எரிஞ்ச மருந்து குழல்ல விடுற கரியும் துணியும் செய்ற வேலை. 90 கிரேன் போட்டா கரி இன்னும் கூடும், அவ்வளவுதான்.

முதல்ல துணி. வேட்டித் துணி ரொம்ப மெல்லிசு. கணக்கைப் பாருங்க. 50 காலிபர் குழல்ல வரிமேட்டுக்கு (பள்ளங்களுக்கு இடையில நிக்கிற வரம்பு) மேடு 12.70 மி.மீ. 490 குண்டு 12.45 மி.மீ. அப்போ மேட்டுல ஒவ்வொரு பக்கமும் இருக்கிற இடைவெளி 0.125 மி.மீ. இந்த 48 அங்குல முறுக்குக் குழல்கள்ல பள்ளம் பெரும்பாலும் ஆழமில்லை, ஏறக்குறைய 0.13 மி.மீ. பள்ளத்தின் அடியில இருந்து குண்டு வரைக்கும் 0.25 மி.மீ. சொச்சம். அந்த இடத்தை அடைக்கிறது துணி மட்டுந்தான். வேட்டி 0.15, 0.20 தாண்டாது. மிச்ச இடைவெளியில நெருப்பும் புகையும் குண்டை முந்திக்கிட்டுப் போகும், போற வழியில துணியையும் எரிச்சிடும். துணி எரிஞ்சா குண்டு வரியைப் பிடிக்காது. முறுக்கு ஏறாத குண்டு எங்க வேணும்னாலும் போகும்.

உங்களுக்கு வேண்டியது 0.38ல இருந்து 0.46 மி.மீ. வரைக்கும் உள்ள இறுக்கமான நெசவுப் பருத்தி. மெத்தை தைக்கிற கோடு போட்ட துணி இருக்கே, அது சரியா வரும். ட்ரில் துணியும் பரவாயில்லை. வேர்னியர் தாடையைக் கையால இறுக்கிப் பிடிச்சு அளங்க. லேசா வச்சு அளந்தா நுனிப் பஞ்சையும் சேர்த்துக் காட்டும்.

வாங்குறப்போ ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. சாம்பலா உதிர்ந்தா பருத்தி. நுனி உருகி மணி மாதிரி கட்டினா பொலியெஸ்டர் கலந்தது, அது குழலுக்குள்ள உருகி ஒட்டும். வாங்கினதைச் சுடுதண்ணியில ரெண்டு தரம் அலசிக் கஞ்சியைப் போக்குங்க. கஞ்சி இருக்கிற துணி எண்ணெயை ஒழுங்காக் குடிக்காது.

உயரத்துப் பேச்சை விடுங்க. நுவரெலியா 1,868 மீற்றர்ல இருக்கு, அங்க காத்தின் அடர்த்தி கடல்மட்டத்தை விடக் குறைவுதான். ஆனா அது எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரிதான் குறைவு. குண்டு விழுற உயரத்தை அது சொற்பம் மாத்தலாம், ஒம்பது அங்குலத்துக்குப் பரப்பாது.

அடுத்த தடவை சுட்டதும் குழலுக்கு முன்னால மூணுல இருந்து எட்டு மீற்றர் தூரத்துல விழுந்து கிடக்கிற பட்ச் துணியைப் பொறுக்கிப் படம் போடுங்க. அது இல்லாம மேல பேசுறது வீண்.

பதுளை_லேத்:

துணி விஷயத்துல அண்ணே சொன்னது சரி. எண்ணெயைப் பத்தி நான் சொல்றேன், காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் இருக்கு.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழ உறையும். வெலிமடையில விடிகாலையில போத்தல்ல கட்டியாத்தான் இருக்கும். கட்டியைத் தேய்ச்சா துணியின் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் வெறுமை. பத்து மணி வெயிலுக்கு அதே எண்ணெய் தண்ணியா ஓடும், துணியில இருந்து மருந்துக்கு இறங்கும். அடி மருந்து நனைஞ்சா பத்தி எரியிற வேகம் ஒவ்வொரு வெடிக்கும் மாறும். தடவுறது ஒரே எண்ணெய்தான், குழலுக்குள்ள ரெண்டு விதமா வேலை செய்யுது.

மாத்து வழி மூணு.

ஒண்ணு, விளக்கெண்ணெய். நம்ம குளிருக்கு உறையாது, கரியை இளக்கி வைக்கும். ரெண்டு துணிக்கு நடுவுல வச்சுப் பிழிஞ்சு எடுக்கணும். தொட்டா ஈரம் தெரியணும், விரல்ல ஒழுகக்கூடாது.

ரெண்டு, தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூணு பங்கு, வெந்நீர்ச் சட்டிக்கு மேல வச்சு உருக்கிக் கலந்தது. வெயில்ல ஒழுகாது. ஆனா குளிர் கூடின காலையில இறுக்கமா இருக்கும், எண்ணெயை நாலு பங்காக் கூட்டிக்கொள்ளுங்க.

மூணாவதுதான் நான் சொல்றது. லேத் பட்டறையில பாலா வெள்ளையாக் கலந்து ஊத்துவாங்களே, தண்ணியில கரையிற கட்டிங் எண்ணெய். ஒரு பங்கு எண்ணெய், ஆறுல இருந்து ஏழு பங்கு தண்ணி. கீலம் கீலமா வெட்டின துணியை அதுல முக்கிப் பிழிஞ்சு, தட்டையான தகட்டுல விரிச்சுக் காயவைங்க. கொடியில தொங்கவிடாதீங்க. தொங்கினா எண்ணெய் கீழ் ஓரத்துக்கு இறங்கி, மேல்பாதி வறண்டும் கீழ்பாதி வழுக்கியும் நிக்கும், ஒரே துணியில வெட்டின ரெண்டு பட்ச் ரெண்டு விதமாப் போகும். தண்ணி ஆவியானதும் எண்ணெய் நாருக்குள்ள ஒரே சீரா நிக்கும். மருந்தை நனைக்காது. வழுக்கல் போதலைன்னா அடுத்த கலவை 1:5. ஒரு கலவையில செய்ததை இன்னொண்ணோட கலக்காம டப்பாவில எழுதி வைங்க.

என்ஜின் ஒயில், வண்டிக் கிறீஸ் ரெண்டும் வேண்டாம். கருமருந்துக் கரியோட சேர்ந்தா தார் மாதிரி ஆகிக் குழல்ல ஒட்டும். உப்புப் போட்ட பட்டர், மாஜரின் பக்கமும் போகாதீங்க, உப்பு குழலைத் தின்னும்.

பசறை_சுடர்:

இடையில ஒண்ணு. நாலாவது குண்டுக்கு இடிகோல்ல தொங்குறேன்னு எழுதியிருக்கீங்க. அது குறி பிசகுற விஷயம் மட்டுமில்ல, ஆபத்து. பாதி வழியில நிக்கிற குண்டுக்கும் மருந்துக்கும் இடையில வெற்றிடம் இருந்தா, சுடுறப்போ குழல் புடைக்கலாம், பிளக்கலாம். இடிகோல்ல ரெண்டு அடையாளம் வெட்டி வைங்க: வெறும் குழலுக்கு ஒண்ணு, மருந்தும் குண்டும் சரியா உக்காந்தா எங்க நிக்கும்னு ஒண்ணு. ஒவ்வொரு தரமும் அடையாளத்தைப் பார்த்துட்டுத்தான் கேப். அடையாளம் வெளிய நின்னா கேப் வைக்காதீங்க.

குண்டை மருந்து மேல இறக்கினதும் குத்திக் குத்தி இடிக்காதீங்க. ஒரே அழுத்தத்துல ஒருக்கா அமர்த்தினா போதும். குத்தினா ஈயத்தின் முகம் சப்பையாகும், மருந்து மணி நொறுங்கித் தூளாகும். அழுத்தம் ஒவ்வொரு தடவைக்கும் மாறினா எரியிற வேகமும் மாறும்.

மருந்தைக் கொம்புல இருந்தோ போத்தல்ல இருந்தோ நேரே குழலுக்குள்ள ஊத்தக்கூடாது. அடியில ஒரு பொறி கிடந்தா கையில இருக்கிறது முழுக்க வெடிக்கும். அளவுக் குவளையில அளந்து, குவளையால ஊத்துங்க.

ஹப்புத்தளை_காற்று:

கரி எடுக்கிற முறையை விட்டுட்டேன். இந்தக் குறி தேடுற வேலை முடியிற வரைக்கும் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் துடைக்கணும். ஈரத் துணி ஒண்ணு, காய்ஞ்ச துணி ஒண்ணு.

அதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. துடைக்கிற ஜாக் (கோல் நுனியில துணி மாட்டுற முனை) குழலுக்கு இறுக்கமா இருந்தா, துணி கரியை எல்லாம் கீழ தள்ளிக்கிட்டுப் போய் மருந்து இருக்கிற அறை வாசல்ல அடைச்சு வைக்கும். அடுத்த வெடி கேப் மட்டும் டக்குனு போகும், மருந்து பத்திக்காது. ஜாக் கொஞ்சம் மெல்லிசா இருக்கணும்: இறங்குறப்போ கரிக்கு மேல வழுக்கிப் போகணும், இழுக்கிறப்போ துணி சுருண்டு கொத்தாகிக் கரியை இழுத்துக்கிட்டு வரணும். இறுகுற ஜாக்கை லேத்துல ஒரு மயிரிழை கடைஞ்சா தீரும். துணி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கக் கூடாது. பிழிஞ்ச ஈரம் போதும்.

நம்ம பக்கத்து ஈரக் காத்துல கரி காலையில களி மாதிரி இளகி இருக்கும், இறக்கிறதும் லேசு. வெயில் ஏறினதும் காய்ஞ்சு அடிக்குழல்ல வளையமாக் கட்டும். அதுதான் மத்தியானம் வேற மாதிரி இறுகுறது. துடைச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு நேரமும் ஒண்ணாயிடும்.

வெலிமடை_மேடு:

நன்றி அண்ணே எல்லாருக்கும். சொன்னபடி செய்தேன், முடிவைப் போடுறேன்.

வேட்டித் துணி 0.18 மி.மீ. பொறுக்கின பட்ச் பாதிக்கு மேல நடுவுல எரிஞ்சு ஓட்டை, சிலது துண்டுதான் கிடைச்சது. இப்போ மெத்தைத் துணி 0.44 மி.மீ., கட்டிங் எண்ணெய் 1:6, தகட்டுல காயவச்சது. ஒவ்வொரு வெடிக்கும் துடைச்சேன். மருந்து அதே 80. குரூப் (அஞ்சு வெடியும் பரவுற அகலம்) நாலு அங்குலத்துக்கு வந்திருக்கு, இறக்கிறதும் எல்லாம் ஒரே மாதிரி.

ஆனா இந்த பட்ச்லயும் பழுது இருக்கு. எரியலை. நடுவைச் சுத்தி வட்டமா, சின்னச் சின்ன நேர் வெட்டு. எண்ணிப் பார்த்தா குழல்ல எத்தனை வரிமேடோ அத்தனை வெட்டு. குண்டு எல்லாத்தையும் நகைக்கடைத் தராசுல நிறுத்தேன்: 11.05 கிராம்ல இருந்து 11.30 கிராம் வரைக்கும். இது சரியா?

பதுளை_லேத்:

நாலு அங்குலம்னா வழி பிடிபட்டாச்சு. வெட்டும் நிறையும் ரெண்டு தனித்தனிப் பிரச்சினை.

வெட்டு. எரிஞ்ச ஓட்டைக்கு ஓரம் கருகி இருக்கும். நூல் அறுந்து ஓரம் வெள்ளையா இருந்தா அது கத்தி வெட்டு, அதாவது குழல்வாய் விளிம்பிலயோ வரிமேட்டு ஓரத்திலயோ கூர் இருக்கு. எதுன்னு பிரிக்கச் சுடத் தேவையில்லை. குழல் வெறுமையா இருக்குன்னு இடிகோல் அடையாளத்தால உறுதி பண்ணுங்க, கேப் நிப்பிள்ல இல்லைன்னு பாருங்க. மருந்து போடாம பட்ச் சுத்தின குண்டை நாலு விரக்கடை இறக்கி, குண்டு உருவுற திருகாணியால வெளிய எடுங்க. இவ்வளவுக்கே துணி வெட்டுப்பட்டிருந்தா வாய் விளிம்புதான் குற்றவாளி. முழுசா அடி வரைக்கும் இறக்கி உருவினாத்தான் வெட்டு வருதுன்னா உள் வரிமேடு.

வாய் விளிம்புக்கு 320 நம்பர் ஈர எமரித்தாள் துண்டு. குழலுக்குள்ள ஒரு துணியை அடைச்சு வைங்க, தூள் கீழ போகாம. தாளை வாய் மேல வச்சுக் கட்டைவிரலால அழுத்தி, பாதிச் சுற்று அந்தப் பக்கம், பாதிச் சுற்று இந்தப் பக்கம். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ரைபிளைக் கால்வட்டம் திருப்பிப் பிடிங்க, ஒரே பக்கம் தேயாம இருக்க. கூர் மழுங்கினதும் 600 தாளால முடிங்க. துரப்பண மெஷின்ல கல் மாட்டி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். விளிம்பு ஒருபக்கம் சரிஞ்சா குண்டு வெளியேறுறப்போ புகை ஒருபக்கமாப் பீறிட்டுத் தள்ளும், அதைத் திருத்தக் குழலை வெட்டத்தான் வேணும்.

உள் வரிமேடுன்னா நாலு சைபர் நுண் இரும்புப் பஞ்சை ஜாக்ல சுத்தி, எண்ணெய் விட்டு முழு நீளத்துக்கும் ஓட்டுங்க. ஒரு நாள்ல முடிக்கப் பார்க்காதீங்க. இடையிடையே அந்த உருவுற பரிசோதனை.

நிறையை ஈயம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். என் கணக்குல 490 குண்டு சுத்த ஈயம்னா 11.45 கிராம் வரணும்.

மஸ்கெலியா_உலை:

11.45 சரி. உங்களது எல்லாமே குறைவு, அதோட கால் கிராம் வித்தியாசம். அது நாலு கிரேனுக்குக் கிட்ட. எந்த ஈயம் போட்டீங்க? பழைய பற்றரித் தட்டுன்னா இப்பவே நிறுத்துங்க.

பற்றரி ஈயம் உருக்கக்கூடாது. அதுல அன்டிமனி, கல்சியம், பழசுன்னா ஆர்சனிக்கும் இருக்கும். தட்டுல ஒட்டியிருக்கிற பசை ஈயச் சல்பேற்று, அதோட அமிலம். உருக்குறப்போ வர்ற புகையும், கழிவுல ஈரம் பட்டா வர்ற வாயுவும் ஆளைக் கொல்லும். குசினியில பிள்ளைகள் இருக்கிற வீட்டுல அது நினைச்சும் பார்க்கக்கூடாதது.

குண்டுக்கும் அது பொருந்தாது. கலப்பு ஈயம் கடினம். சுத்த ஈயத்துல துணியின் நெசவு பதியும், குண்டும் துணியும் ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டு வரியில சுழலும். கடின ஈயத்துல அந்தப் பதிவு வராது, துணிக்குள்ள குண்டு வழுக்கும். அதோட துணிக்குப் போற இறுக்கம் கூடி வெட்டும் கூடும். உங்க வட்ட வெட்டுல இதுக்கும் பங்கு இருக்கும், எமரித்தாளோட இதையும் மாத்துங்க.

நல்லது வீச்சுவலை ஈயம், கூரைத் தகட்டு ஈயம், பழைய தண்ணிக்குழாய் ஈயம். பெருவிரல் நகத்தால கீறினா ஆழமாக் கோடு விழணும். கார்ச் சில்லு எடைக்கட்டி கடினம், தள்ளி வைங்க.

வார்க்கிறது வெளியில, காத்தோட்டமான இடத்துல. ஈயம் 327 பாகையில உருகும், வார்க்க 370ல இருந்து 400 போதும். மலைப்பக்கத்துக் காலைக் குளிருல அச்சு சீக்கிரம் ஆறும். ஆறின அச்சுல குண்டின் மேல் சுருக்கம் விழும், உள்ளுக்குள்ள குமிழி நிக்கும். அந்தக் குமிழிதான் உங்க 11.05. அச்சின் மூலையைச் சட்டி ஓரத்துல வச்சுச் சூடேத்திட்டு, முதல்ல வர்ற பத்துப் பதினைஞ்சைத் திரும்பச் சட்டியில போடுங்க. குண்டின் முகம் வெள்ளையாப் பனி படிஞ்ச மாதிரி இருந்தா சூடு கூடிப்போச்சு. பளபளப்பா, சுருக்கமில்லாம வர்றதுதான் பதம். வாய்த்தகட்டை வெட்டி முடிக்கிற வரைக்கும் அதுக்கு மேல ஈயம் கொஞ்சம் குவிஞ்சு நிக்கணும், குளிர்றப்போ சுருங்குற குண்டு அதுல இருந்துதான் உறிஞ்சிக்கும்.

ஒரு சொட்டுத் தண்ணி உருகின ஈயத்துக்குள்ள போனா முழுச் சட்டியும் முகத்துக்குத் தெறிக்கும். மூடுபனி நேரமோ தூறல் நேரமோ உலை வைக்காதீங்க. கட்டி ஈயத்தை முதல்லயே அடுப்போரம் காயவச்சுட்டுப் போடுங்க. கண்ணாடி, கையுறை, நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பாடு, வெற்றிலை எல்லாம்.

வார்த்து முடிஞ்சதும் நிறுங்க. 11.40க்கும் 11.48க்கும் இடையில வர்றதை குறிக்கு வைங்க, மிச்சம் சட்டிக்கு. குழல்ல போடுறப்போ குண்டுல வார்ப்பு வாயை வெட்டின தழும்பு நேரே மேல பார்க்கணும், ஒவ்வொரு தரமும்.

லுணுகலை_நேர்கோடு:

பற்றரி விஷயத்துக்கு மேல சொல்ல எதுவுமில்லை. இனி மருந்து அளவுக்கு வரலாம், ஆனா ஹப்புத்தளைக்காரர் சொன்ன ஒண்ணோட நான் ஒத்துப்போகலை. குறி பழகுறப்போ ஒவ்வொரு வெடிக்கும் துடைக்கிறது சரி. ஆனா கட்டிங் எண்ணெய்த் துணி சரியா அமைஞ்சா, இறங்குற துணியே முந்தின வெடியின் கரியை இழுத்துக்கிட்டுப் போகும். அஞ்சு வெடி துடைக்காம ஒரே இறுக்கத்துல இறங்குதுன்னா அதுவே துணியும் எண்ணெயும் பொருந்தியாச்சுன்னு சொல்ற பரீட்சை. துடைச்சுத் துடைச்சுச் சுட்டா அந்தப் பரீட்சை நடக்கவே நடக்காது.

மருந்து. 50 மீற்றர் காகிதத்துக்கு 80 கிரேன் தேவையே இல்லை. 19ஆம் நூற்றாண்டு நடுவுல நுவரெலியாவில குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் தன் பெரிய ரைபிளுக்கு 16 டிராம், அதாவது 437 கிரேன் போட்டாராம். அவர் மூணு அவுன்ஸ் குண்டால யானையைச் சுட்டவர். நமக்குக் கடதாசி.

50 காலிபருக்கு 50 கிரேன்ல தொடங்குங்க. 3.24 கிராம். அஞ்சு அஞ்சு கிரேனா ஏறுங்க: 50, 55, 60, 65, 70. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வெடி, தனித்தனி இலக்கு. மூணு வெடிக் குரூப் ஏமாத்தும், தற்செயலா மூணும் ஒரே ஓட்டையில விழும், அடுத்த நாள் அந்த அளவு வேலை செய்யாது. எங்க குரூப் சுருங்குதோ அந்த அளவை எடுத்து, ரெண்டரை கிரேன் மேலயும் கீழயும் போட்டுப் பாருங்க. ரைபிள் செய்தவங்க குழலுக்குன்னு சொல்லியிருக்கிற உச்ச அளவைத் தாண்டக்கூடாது. பழைய குழல், புத்தகம் இல்லைன்னா முதல்ல துவக்குத் திருத்துறவர்கிட்டக் காட்டுங்க, அடித்திருகுல வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும்.

ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். துணி, எண்ணெய், ஈயம், மருந்து நாலையும் ஒரே நாள்ல மாத்தினா எது நல்லது செய்ததுன்னு தெரியாது. இலக்குக் கடதாசியிலயே எல்லாத்தையும் எழுதுங்க: அளவு, துணி, எண்ணெய் விகிதம், நேரம், வெயிலா பனியா.

அளவுக் குவளையில மருந்து நிரம்பி வழியிற மாதிரி ஊத்தி, பக்கத்துல அஞ்சு தட்டுத் தட்டி, மேல வழிச்சு விடுங்க. தட்டுற எண்ணிக்கை மாறினா அளவு மாறும். தராசுல நிறுக்கிறது இன்னும் நல்லதுதான், ஆனா துணியும் கரியும் ஒழுங்காகாத வரைக்கும் அதுல பலன் தெரியாது. கம்பனி மாறினா குவளை அளவு அதேன்னு நம்பாதீங்க, ஒரே கொள்ளளவுக்கு நிறை வேற. 3எஃப் கிடைச்சா பத்துல இருந்து பதினைஞ்சு வீதம் குறைச்சுத் தொடங்குங்க, அது வேகமா எரியும். புகையில்லா மருந்து, தோட்டாவைப் பிரிச்சு எடுத்த மருந்து ஒரு சிட்டிகை கூட இந்தக் குழலுக்குள்ள போகக்கூடாது, குழல் வெடிக்கும்.

குளிர்ல இருந்த மருந்துப் போத்தலைச் சூடான அறைக்குள்ள கொண்டு வந்ததும் திறக்காதீங்க. ஈரம் உள்ளே படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

தளப் பொறுப்பாளர்:

வீட்டில செய்த மருந்து, வீட்டில செய்த குழல் பத்தின கேள்வி இந்தத் திரியில வேண்டாம், வந்த ரெண்டு பதிவை நீக்கியிருக்கு. அப்படியான மருந்தில ஒரு பிடி மற்றதைப் போல எரியாது, அளவுன்னு ஒண்ணே இல்லை. கட்டுத்துவக்குப் (மிருகத்துக்குப் பொறியாக் கட்டி வைக்கிறது) பேச்சும் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ள ரைபிள், கடை மருந்து, இலக்கு. இதுக்குள்ள பேசுங்க.

வெலிமடை_மேடு:

பற்றரி ஈயம்தான் அண்ணே, ஊகிச்சது சரி. மிச்சத்தை மூடி வச்சுட்டேன், வீச்சுவலை ஈயம் சொல்லி வச்சிருக்கு. வாய் விளிம்பு பரிசோதனையில நாலு விரக்கடைக்கே துணி வெட்டுப்பட்டது. எமரித்தாள் வேலை நடக்குது.

ரெண்டு கேள்வி. கழுவிச் சுத்தமாத் துடைச்சு எண்ணெய் போட்டு வச்ச குழல்ல முதல் வெடி எப்பவும் தனியா மேல போகுது, அது ஏன்? எங்க இடம் சரிவு, கீழ பார்த்துச் சுடுறதுக்குத் தனிக் கணக்கு இருக்கா?

ஹப்புத்தளை_காற்று:

லுணுகலைத் தம்பி சொன்ன பரீட்சை நல்லதுதான், ஆனா அதைக் கடைசியில வைங்க. வெட்டுற துணியோட துடைக்காமச் சுட்டா எது பிழைன்னு திரும்பக் குழம்பும்.

முதல் வெடி: குழல்ல படிஞ்ச எண்ணெய். முதல் துணி அதுல வழுக்கும், கொஞ்சம் மருந்தையும் நனைக்கும். சுடத் தொடங்குறதுக்கு முன்னால ஸ்பிரிற் தொட்ட துணியால எண்ணெயை எடுத்து, காய்ஞ்ச துணியால துடைச்சு, வெறும் கேப் ரெண்டு வெடிங்க. குழல்வாயை ஒரு புல் இதழுக்கு நேரே கிட்டப் பிடிச்சிருந்தா இதழ் அசையணும், அசைஞ்சா நிப்பிள்ல இருந்து அறை வரைக்கும் வழி திறந்திருக்கு. அதுக்குப் பிறகும் முதல் வெடி விலகினா அதைக் கணக்குல சேர்க்காதீங்க, கரி போடுற வெடின்னு மண்மேட்டுக்கு விடுங்க.

சரிவு: 50 மீற்றர்ல 30 பாகைச் சரிவுன்னா கூடக் குண்டு இறங்குறதுக்குக் கணக்காகுறது கிடைத்தூரம் 43 மீற்றர்தான். அந்த ஏழு மீற்றர் வித்தியாசம் உங்க குரூப்புக்குள்ளயே மறைஞ்சிடும். 100க்குப் போனாத்தான் கதை வேற. 60 கிரேன் அளவுல, 50க்குச் சரி பண்ணின குறிக்கு 100ல குண்டு ஒரு சாண் அளவு கீழ விழும். சரிவை விடப் பக்கக் காத்துத்தான் உங்களைக் கெடுக்கும். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காத்து 50 மீற்றர்ல உருண்டைக் குண்டை ரெண்டு அங்குலத்துக்கு மேல தள்ளும். நம்ம இடுக்கு வழிக் காத்து அதைவிடக் கூட. காத்து ஓயிற நேரம் பார்த்துச் சுடுங்க, இல்லாட்டி காத்தைத்தான் அளந்துக்கிட்டு இருப்பீங்க.

இலக்குக்குப் பின்னால கல்லில்லாத வெட்டு மண்மேடு இருக்கணும். மேட்டைத் தவறின குண்டு பல நூறு மீற்றர் போகும், கீழ லயமோ கொழுந்து மலையோ இருந்தா அந்த இடம் சரிவராது. மூடுபனியில மேடு தெரியலைன்னா காத்திருங்க.

பசறை_சுடர்:

நிப்பிளையும் ஒருக்காப் பாருங்க. ஓட்டை 0.7 மி.மீ. கிட்ட இருக்கணும். சுட்டுச் சுட்டு அகலிச்சிருந்தா நெருப்பு பின்னால பீறும், சுத்தியல் தானா அரைவாசி எழும்பும், ஒவ்வொரு வெடியும் ஒரு வேகத்துல போகும். புதுசு மாத்துறதுதான் வழி, அடைக்கிறது வழியில்லை. கேப் 11 நம்பர், விரலால அழுத்தினா இறுக்கமா உக்காரணும்.

கேப் வெடிச்சு மருந்து போகலைன்னா குழலை இலக்குப் பக்கமே பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசாக் காத்திருங்க. எட்டிப் பார்க்காதீங்க.

தாங்கல் வைக்கிறது கட்டைக்கு அடியில, குழலுக்கு அடியில இல்லை. மணல் மூட்டை மேல வெறும் குழலை வச்சா குண்டு வழக்கத்தை விட மேல போகும். விசை இழுத்த பிறகும் முன்குறியை இலக்குலயே நிறுத்துங்க. இந்த ரைபிள்ல இழுக்கிறதுக்கும் குண்டு வெளியேறுறதுக்கும் இடையில இருக்கிற நேரம் கூட, அதுக்குள்ள தலையைத் தூக்கினா எந்த அளவு போட்டும் பலனில்லை.

முடிஞ்சதும் அன்னைக்கே கழுவணும், அடுத்த நாளைக்கு வைக்கிற பேச்சே இல்லை. கரி ஈரத்தை இழுக்கும், நம்ம காலநிலையில விடியறதுக்குள்ள துரு பூத்திடும். நிப்பிளைக் கழட்டி, சோப்புக் கரைச்ச சுடுதண்ணியில குழலின் அடியை நிறுத்தி, ஜாக்கால மேலயும் கீழயும் இழுத்தா தண்ணி உள்ளே ஏறி இறங்கும். தண்ணி தெளியிற வரைக்கும். கடைசியா வெறும் சுடுதண்ணி, அந்தச் சூட்டுலயே குழல் காயும். காய்ஞ்ச துணி, பிறகு துரு தடுக்கிற எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்க, செம்மண் நிறம் வந்தா திரும்பக் கழுவணும்.

லுணுகலை_நேர்கோடு:

பின்குறியைக் கடைசியாத் தொடுங்க. குரூப் ஒண்ணரை, ரெண்டு அங்குலத்துக்குள்ள வந்து, ரெண்டு வெவ்வேற நாள்லயும் அதே இடத்துல விழுந்த பிறகு. பின்குறியைக் குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் நகர்த்தணும், முன்குறியை எதிர்ப்பக்கம். முன்குறி பித்தளைன்னா மேல அராவுறப்போ ஒரு தடவைக்கு ரெண்டு இழுப்பு போதும், அராவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. முன்குறி குறைஞ்சா குண்டு மேல ஏறும். அதனால முதல்ல குண்டு கொஞ்சம் கீழ விழுற மாதிரி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

வீச்சுவலை ஈயக் குண்டு வந்ததும் 50 கிரேன்ல தொடங்கி, அஞ்சு இலக்கையும் ஒரே படத்துல போடுங்க. பட்சும் பக்கத்துல வச்சு.